அஷ்டமி இரவில் போகாத படம்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வைஃபை உள்ள காம்பாக்ட் கேமரா வாங்கினேன். வீட்டில் சமர்த்தாக வேலை செய்கிறது. அஷ்டமி இரவு ஏக்டாலியா எவர்கிரீன் பந்தலில் நின்றுகொண்டு ஒரு படத்தைக்கூட போனுக்கு அனுப்ப முடியவில்லை. கேமராவில் கோளாறா?"

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு அது வந்த அட்டைப்பெட்டியில். 'நொடியில் பகிரலாம்' என்று அதில் அச்சடித்தவர் துர்கா பூஜைக் கூட்டத்துக்குள் மாட்டியிருக்க மாட்டார்.

பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்கள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இந்தியாவில் 2005 ஜனவரி முதல் அதற்கு உரிமம் வேண்டியதில்லை. நிக்கான் கூல்பிக்ஸ் பி1, கோடக் ஈஸிஷேர்-ஒன் போன்ற முதல் வைஃபை காம்பாக்ட்டுகள் உலகச் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஆக இந்த அலைவரிசை புறம்போக்கு நிலம் மாதிரி, யாரும் புழங்கலாம். ஆனால் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் அதில் மூன்றே மூன்று. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பந்தலில் நிற்கும் அத்தனை போன்களும் வரிசை இல்லாமல், மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் எப்படி முறை வைத்துக்கொள்கின்றன? எனக்கு வியப்பெல்லாம் இங்கேதான்.

எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் ஒரே குளியலறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. சத்தம் நின்றதும் எட்டுப் பேரும் பாய்ந்தால் அடிதடிதான். அதனால் ஆளுக்கொரு எண்ணை, 0 முதல் 15-க்குள், குருட்டாம்போக்கில் நினைத்துக்கொண்டு மனசுக்குள் இறங்குமுகமாக எண்ணுகிறார்கள். யாருக்கு முதலில் பூஜ்யம் வருகிறதோ அவர் உள்ளே போகிறார். மற்றவர்கள் எண்ணிக்கையை அப்படியே நிறுத்திவைத்து, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். வைஃபையில் ஓர் எண்ணுக்கு ஆகும் நேரம் 9 மைக்ரோசெகண்ட், பழைய கருவிகளில் 20.

இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் பூஜ்யம் வந்தால்? குளிப்பவர் காதில் தன் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும். பேசிக்கொண்டிருக்கும் ரேடியோவும் அப்படியே, மோதலை அதனால் உணர முடியாது. குளித்து முடித்ததும் சமையலறையிலிருந்து பாட்டி, அதாவது பெறும் கருவி, "சரிடா" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லையா, குளித்தது கணக்கில் இல்லை. முதலிலிருந்து குளிக்க வேண்டும். இந்தத் தடவை எண்ணை 31-க்குள் எடுக்க வேண்டும். மறுபடி மோதினால் 63, இப்படியே 1023 வரை. கூட்டம் கூடக்கூட, குளிப்பதைவிட எண்ணிக்கொண்டு நிற்பதே வேலையாகிவிடும். போதாததற்கு மாடியில் இருப்பவருக்குத் தண்ணீர்ச் சத்தமே எட்டாது, அவர் நேராகக் கதவைத் திறந்துவிடுவார். பந்தலில் அந்த மாடிச் சுவர் மனித உடம்பு. பெரும்பகுதி தண்ணீரான நாம் இந்த அலையை உறிஞ்சிவிடுவதால், கூட்டத்தின் இரு பக்கத்துக் கருவிகளுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்பதில்லை. உவமையை ஈரத் துண்டோடு இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

கொல்கத்தா, ரேடியோ அலை என்றதும் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸைச் சொல்லாமல் விட்டால் கடிதம் வரும். பிரசிடென்சி கல்லூரியில் 1894–96 வாக்கில் அவர் மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கிக் காட்டினார்; டவுன் ஹாலில் தூரத்திலிருந்தே மணியடிக்க வைத்து, வெடிமருந்தைக் கொளுத்தினார். அந்த அலை அங்கிருந்த துணைநிலை ஆளுநரின் உடம்பைத் துளைத்துப் போனது என்ற கதைதான் எனக்குச் செரிக்கவில்லை. அவ்வளவு குட்டை அலை ஈரச் சதையில் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எங்கேனும் பட்டுத் திரும்பி, சுற்றிக்கொண்டு போயிருக்கும்.

சரி, வைஃபை கேமராவால் பயனே இல்லையா? உண்டு. ஜூம் லென்ஸ் கேமராவில் இருக்க, படத்தை உடனே வீட்டாருக்கு அனுப்பும் வசதி போனில் இருக்கிறது; வைஃபை இரண்டையும் சேர்த்துவைக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, போனிலிருந்தே கிளிக் செய்யலாம். குடும்பப் படத்தில் எடுப்பவரும் இருப்பார். கார்டை அடிக்கடி பிடுங்கிச் செருகும் தேய்மானமும் இல்லை.

ஆனால் சின்ன பேட்டரியை வைஃபை மளமளவென்று தின்னும். கேமராவோடு இணைந்திருக்கும்வரை போனின் வைஃபைக்கு வேறு வேலை கிடையாது. 8 எம்பி படங்கள் 200 என்றால் 1.6 ஜிபி: கார்டு ரீடருக்கு அரை நிமிடம், வைஃபைக்கு வெறிச்சோடிய வீட்டிலேயே பத்து நிமிடம் பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், கேமராவின் ஆயுள் ஆப்பின் கையில். ஐ-ஃபை என்ற வைஃபை மெமரி கார்டின் கதை தெரியுமா? அதன் பழைய மாடல்களுக்கான ஆதரவை 2016 செப்டம்பரோடு நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. கார்டு தேயவில்லை, உடையவில்லை. பின்னால் இருந்த சர்வர்தான் கைவிட்டது.

வாசகிக்கு: அடுத்த பூஜைக்குப் பந்தலுக்குள் வைஃபையை அணைத்துவிட்டுப் படம் மட்டும் எடுங்கள். சாந்தினி சௌக்கில் சில நூறு ரூபாய்க்குக் கார்டு ரீடர் கிடைக்கும், போனிலேயே செருகலாம். அங்கேயே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் கரியாஹாட் பக்கம் ஆளில்லாத சந்து ஒன்றில் ஒதுங்கி, போனையும் கேமராவையும் அருகருகே வைத்து, ஒரே ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள். அஷ்டமியன்று கரியாஹாட்டில் ஆளில்லாத சந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.