சினார் சிவக்கும் ஓடைக்கரை

(நமது டெல்லி நிருபர்)

தீபாவளி முடிந்தால் டெல்லிக் காற்றில் புகைதான். அந்தச் சமயம் நாலு நாள் லீவு கிடைத்தால், காமிரா பைத்தியம் பிடித்த நம்மவர்கள் காஷ்மீருக்குப் புறப்படலாம். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை அங்கே சினார் மரங்கள் நிறம் மாறும் காலம். ‘ஹருத்’ என்கிறார்கள்.

ரயில்வேக்காரன் என்பதால் வழியையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் வந்துவிட்டது. பனிஹாலில் மாறி, உள்ளூர் வண்டியில் அனந்தநாக்; அங்கிருந்து மோட்டாரில் அச்சபல். (செனாப் பாலம் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே இருக்கிறது. படம் எடுக்கத்தான் வண்டி அவகாசம் தருவதில்லை!)

அச்சபலில் மலையடிவாரத்தில் ஊற்று கிளம்பி, மொகலாயர் காலத்துத் தோட்டத்தின் வழியே ஓடையாக ஓடுகிறது. எங்கும் சினார். நம்மூர் ஆமணக்கு இலை போல விரிந்த இலை. பச்சை போய் மஞ்சள், செம்பு, கடைசியில் ரத்தச் சிவப்பு.

முதல் நாள் உச்சி வெயிலில் நாற்பது படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. தண்ணீர் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மறுநாள் காலையில்தான் சூட்சுமம் புரிந்தது. எதிர்க்கரை மரத்தில் வெயில் பட வேண்டும், ஓடை நிழலில் இருக்க வேண்டும். அப்போது இருண்ட நீரில் பொன்னை உருக்கி ஊற்றியது போல நிறம் இறங்குகிறது. மரத்தை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரை எடுங்கள். காமிராவை ஸ்டாண்டில் வைத்து ஷட்டரை அரை நொடி திறந்தால் ஓட்டம் பட்டு நூலாகும். போலரைசர் கண்ணாடி ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்கும். அளவு மீறித் திருப்பினால் அந்தப் பொன்னும் போய்விடும். ஒயிட் பாலன்ஸைக் காமிராவின் இஷ்டத்துக்கு விடாமல் ‘டேலைட்’டில் வையுங்கள். இல்லாவிட்டால் மஞ்சளை அதுவே வெளுத்துவிடும்.

எல்லாம் சரிபார்த்து நிமிர்ந்தால், ஒரு மூதாட்டி துடைப்பத்தோடு வந்து கரையில் கிடந்த சருகையெல்லாம் கூட்டி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்! பத்து நிமிஷம் பொறுக்கும்படி ஹிந்தியில் கெஞ்சினேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. டீக்கடைக்காரர்தான் விளக்கினார். அந்தச் சருகை எரித்து, நீர் தெளித்துக் கரியாக்கி வைத்தால்தான் கங்ரிச் சட்டிக்குத் தணல். பனிக்காலம் முழுவதும் அங்கிக்குள் அதை அணைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட ஒரு கை கொடுத்தேன். ஓடைப் பாறையிடுக்கில் சிக்கியிருந்த நாலைந்து ஈர இலைகளை அவர் தொடவில்லை. என் படத்தில் இருப்பவை அவைதான்.