பள்ளியில் இன்னொரு மொழி: கூட்டலா, கழித்தலா?

கனடாவின் மான்ட்ரியல் நகரை ஒட்டிய ஊர் செயின்ட் லாம்பர்ட். அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலருக்கு 1960-களில் ஒரு மனக்குறை இருந்தது. பள்ளியில் வருடக்கணக்காக பிரெஞ்சு படித்திருந்தும், பிரெஞ்சு பேசுபவர்களே பெரும்பான்மையாக வாழும் கியூபெக் மாகாணத்தில் அவர்களோடு நாலு வார்த்தை பேச வரவில்லை. பிள்ளைகளுக்காவது அந்த நிலை வேண்டாம் என்று கல்வி வாரியத்தை விடாமல் நச்சரித்தார்கள். வாரியம் அரைமனதோடு தலையசைத்தது. 1965-ல் 26 குழந்தைகளோடு ஒரு மழலையர் வகுப்பு தொடங்கியது. ஆசிரியை பேசியது பிரெஞ்சில் மட்டும். முதல் வகுப்பில் எழுத்து, கணக்கு எல்லாமும் பிரெஞ்சிலேயே.

துணிச்சலான முடிவுதான். இரண்டு மொழி சேர்ந்தால் பிள்ளையின் மூளை குழம்பும் என்று கல்வியாளர்கள் பலர் அதற்குச் சற்று முன்புவரை நம்பியிருந்தார்கள். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட், எலிசபெத் பீலுடன் சேர்ந்து 1962-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது. மான்ட்ரியலில் இரு மொழியும் அறிந்த 10 வயதுப் பிள்ளைகள், அறிவுத்திறன் சோதனைகளில் ஒரு மொழி மட்டுமே அறிந்தவர்களை முந்தியிருந்தார்கள். செயின்ட் லாம்பர்ட் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்ததும் இதே லாம்பர்ட்தான். (ஊருக்கும் அவருக்கும் பெயர் ஒத்துப்போனது தற்செயல்.)

முதல் வகுப்பு முடிவில் பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் சேர்ந்ததும் அந்த இடைவெளி மளமளவென்று மறைந்தது. பிரெஞ்சில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் சோதித்தபோதும் சறுக்கல் இல்லை. பிரெஞ்சிலோ, அதை ஒரு பாடமாக மட்டும் படித்தவர்களால் எட்ட முடியாத உயரம். இன்று கனடாவில் 4 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்த 'இம்மர்ஷன்' முறையில் படிக்கிறார்கள்.

இதனால் நம் ஊர் ஆங்கில வழிக் கல்விக்கும் சான்று கிடைத்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். அந்தக் குழந்தைகளின் வீட்டுமொழி ஆங்கிலம். செல்வாக்கு மிக்க மொழி. அது தேயும் ஆபத்தே இல்லை. வீட்டுமொழியோடு இன்னொன்று சேர்வது கூட்டல், வீட்டுமொழியைத் தள்ளிவிட்டு இன்னொன்று உட்காருவது கழித்தல் என்று லாம்பர்ட்டே பின்னாளில் பிரித்துக் காட்டினார்.

குறைகளும் வெளிப்பட்டன. இம்மர்ஷன் பிள்ளைகள் கேட்பதையும் படிப்பதையும் நன்றாகப் புரிந்துகொண்டாலும், பேச்சில் இலக்கணப் பிழைகள் ஆண்டுகள் கடந்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் போதிய அளவு பேசவைக்கப்படவில்லை என்றார் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன்.

வயது? 'சின்ன வயதிலேயே தொடங்கிவிடுங்கள்' என்ற அறிவுரை பாதிதான் உண்மை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர், 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு பாட நேரத்துக்குப் பிறகு முன்னால் நின்றவர்கள் 11 வயதில் தொடங்கியவர்களே. சுற்றிலும் அந்த மொழி ஒலிக்கும் ஊரில் சிறு வயது நல்ல முதலீடு; வாரத்துக்கு இரண்டு மூன்று பீரியடில் அதற்குப் பெரிய பலன் இல்லை.

இன்னொரு மொழி மூளையைக் கூர்மையாக்கும் என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 4,500-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த 2019-ம் ஆண்டு ஆய்வில், கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனில் இருமொழியாளருக்குத் தனி மேன்மை தென்படவில்லை. ஹைதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்ததாகச் சொன்னது உண்மைதான். ஆனால், பள்ளி வாசலையே மிதிக்காதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அவர்களுக்கு மொழி வந்தது தெருவிலும் சந்தையிலும்.

ஆக, பள்ளியில் இன்னொரு மொழி படிப்பதன் முதல் லாபம் அந்த மொழிதான். மதிப்பெண்ணுக்காக மட்டும் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுப்பவர்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது எந்த வகுப்பிலிருந்து சொல்லித்தருகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் பிள்ளை வாய்திறந்து பேசுவது எவ்வளவு நேரம் என்றும் பள்ளியிடம் கேளுங்கள்.