எடைக்குப் போடும் கீபோர்டுக்குள் தங்க முனை!
உப்புக் காற்றோடு மல்லுக்கு நிற்கும் பழைய "டக் டக்" பொத்தான்கள்
104-ஐ 61 ஆகச் சுருக்கும் கைவேலை

மரக்காணம்:

காயலான் கடையில் எடைக்கு எடை போகிற பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுக்குள் தங்கம் இருக்கிறது!

நகை செய்கிற அளவுக்கு அல்ல. ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் கடுகை விடச் சின்னதாய் ஒரு முனை. ஆனால் மரக்காணம் மாதிரி உப்பளக் கரையில் பில் தட்டிப் பிழைக்கும் கடைக்காரருக்கு அந்தக் கடுகு முனைதான் காவல்காரன்.

இந்தப் பழைய பொத்தான்களைப் பிடுங்கி, கையடக்கமான புதுக் கீபோர்டு செய்யும் கைவேலை உலகம் முழுவதும் நடக்கிறது. இது பற்றிய விவரம் வருமாறு:-

காற்றில் கலந்த எதிரி

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோ மீட்டர். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம். ரோட்டோரத்தில் பாத்தி பாத்தியாய் உப்பளம். வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்.

வெயில் காலத்தில் உப்பு விளையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி எல்லாம் தண்ணீர்க்காடு. ஆனால் காற்றில் உள்ள உப்புக்கு லீவு கிடையாது.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றில் உள்ள தண்ணீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். சமையல் அறை உப்பு ஜாடி மழைக் காலத்தில் நசநசப்பது இதனால்தான்.

அதே சங்கதி கீபோர்டுக்குள்ளும் நடக்கிறது. பகலில் தூசியாய்ப் படிந்த உப்பு, இரவில் ஈரம் ஏறியதும் உப்புத் தண்ணீர் ஆகிறது. செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கிறது. இரும்பு துரு பிடிக்கிறது. காலையில் கடையைத் திறந்து "5" தட்டினால் "5" விழாது!

ரப்பர் கீபோர்டு சாவது எப்படி?

இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை ரப்பர் வகை. மேலே ரப்பர் குமிழ். கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். தாளில் மை பூசியது போல மின்சாரக் கோடுகள்.

பொத்தானை அமுக்கினால் குமிழ் அமுங்கும். தாள்கள் ஒன்றை ஒன்று தொடும். எழுத்து விழும்.

தாளுக்கு நடுவே ஈரம் புகுந்து ஒரு கோடு அரித்துப் போனால், அந்தக் கோட்டில் உள்ள பொத்தான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவுட். மைக்கோட்டில் ஈயம் வைத்துப் பற்ற முடியாது. ஒரே வழி குப்பைத் தொட்டிதான்.

உலகம் முழுவதும் 2022-ம் ஆண்டில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் இந்தக் கீபோர்டுகளும் அடக்கம்.

ஒவ்வொரு பொத்தானும் தனிக்காட்டு ராஜா

பழைய "மெக்கானிக்கல்" கீபோர்டின் கதை வேறு. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச். உள்ளே ஒரு ஸ்பிரிங். தொட்டுக்கொள்ள இரண்டு உலோகத் தகடு. வெளியே இரண்டு கால். ஒன்று கெட்டால் அது மட்டும்தான் கெடும். இரண்டு காலில் ஈயத்தை உருக்கிக் கழற்றி, வேறு ஒன்று போட்டால் வேலை முடிந்தது. ரேடியோ மெக்கானிக்குக்கு இது சுண்டைக்காய் வேலை.

இந்த ஸ்விட்ச்சுகளில் பெயர் போனது "செர்ரி எம்.எக்ஸ்." அமெரிக்காவில் 1953-ல் தொடங்கி, பிறகு ஜெர்மனியில் கால் ஊன்றிய செர்ரி கம்பெனி, 1980-களின் தொடக்கத்தில் இதைக் கொண்டு வந்தது. உள்ளே தகடுகள் தொடும் இடத்தில் தங்கக் கலவை முனை. தங்கம் துரு பிடிக்காது, களிம்பும் பிடிக்காது. உப்புக் கரையில் இது பெரிய விஷயம்.

இதன் ஆயுசு 5 கோடி தட்டு என்று கணக்கு. ஒரு குமாஸ்தா ஒரே பொத்தானைத் தினம் 10 ஆயிரம் தடவை தட்டுகிறார், வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 30 லட்சம் தட்டு. 5 கோடி தட்டித் தீர்க்க 16 வருஷத்துக்கு மேல் ஆகும்!

நம்ம ஊர் "கோல்டு"

இதைத் தேடி ஜெர்மனிக்கு ஓட வேண்டாம். சென்னையைத் தலைமை இடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் "கோல்டு" கீபோர்டை அறியாத ஆபீஸ் குறைவு. வங்கி, ரெயில்வே கவுண்ட்டர், வக்கீல் குமாஸ்தா மேஜை, டி.டி.பி. கடை என்று எங்கும் "டக் டக்" சத்தம் போட்டது அதுதான். பழைய கோல்டு கீபோர்டுகளில் செர்ரியின் நீல நிற ஸ்விட்ச்சுகள் இருந்தன.

பின்னாளில் வந்தவற்றில் வேறு கம்பெனி ஸ்விட்ச்சும் உண்டு. ஆகவே வாங்கும் முன் ஒரு எழுத்து மூடியை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். கீழே நீலத் தண்டும், ஸ்விட்ச்சின் தலையில் "செர்ரி" பெயரும் இருந்தால் அசல் சரக்கு.

இந்தக் கோல்டு கீபோர்டின் ஒரு ரகத்தில் "₹" சின்னமும் ஏறியது. மத்திய அரசு அந்தச் சின்னத்தை ஏற்றது 2010 ஜூலை 15-ந் தேதி. வரைந்தவர் உதயகுமார், கள்ளக்குறிச்சிக்காரர். 2019-ல் தனி மாவட்டம் ஆகும் வரை கள்ளக்குறிச்சியும் மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டம்தான்!

104 கழித்தல் 61

முழுக் கீபோர்டில் 104 பொத்தான். அகலம் சுமார் 45 சென்டி மீட்டர். பெட்டிக் கடை மேஜையில் கல்லா, தராசு, பில் மெஷின் எல்லாம் போக இதை எங்கே வைப்பது?

எழுத்தும், அதன் மேல் எண் வரிசையும் மட்டும் வைத்தால் 61 பொத்தான் போதும். அகலம் 29 சென்டி மீட்டருக்குள் அடங்கும். அம்புக்குறி, டெலிட் போன்றவை "எப்.என்." பொத்தானை அமுக்கிக்கொண்டு தட்டினால் வரும்.

"ஐயோ, நம்பர் கட்டம் போச்சே!" என்று கணக்குப்பிள்ளைகள் பதற வேண்டாம். 104-ல் 61 போனால் மிச்சம் 43. அதில் 17 எடுத்தால் தனியாக ஒரு நம்பர் கட்டம் தயார். பிறகும் 26 ஸ்விட்ச் கையில் நிற்கும். அதுதான் ஸ்பேர். ஒரே பழைய கீபோர்டில் இத்தனையும்!

எப்படிச் செய்கிறார்கள்?

முதல் வேலை பிடுங்குவது. ஒரு ஸ்விட்ச்சுக்கு இரண்டு கால் என்றால், 104-க்கு 208 இடத்தில் ஈயம் உருக்கி உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும்.

அடுத்தது தகடு. ஒன்றரை மில்லி மீட்டர் கனத் தகட்டில் 14 மில்லி மீட்டர் சதுர ஓட்டைகள். ஒரு பொத்தானின் நடுவில் இருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லி மீட்டர். இந்த அளவு பிசகினால் மூடி ஒன்றோடு ஒன்று உரசும். சாதா இரும்புத் தகடு உப்புக் கரைக்கு ஆகாது. எவர்சில்வர் அல்லது பைபர் தகடு நல்லது.

மூன்றாவது ஒயரிங். 61 பொத்தானுக்கு 61 ஒயர் வேண்டாம். தெருவும் குறுக்குச் சந்தும் போல 5 வரிசை, 14 நெடுக்குக் கோடு. மொத்தம் 19 ஒயர் போதும். எந்தத் தெருவும் எந்தச் சந்தும் தொட்டுக்கொண்டன என்று பார்த்து, கீபோர்டின் மூளை எழுத்தைக் கண்டுபிடிக்கும்.

இதற்கும் பழைய கம்ப்யூட்டரே ஒயர் தரும். பிளாப்பி டிரைவில் இருந்த பட்டை ஒயரில் 34 இழை. கிழித்து எடுத்தால் 19 போக மிச்சமும் வரும்.

ஒரே நேரத்தில் மூன்று பொத்தானை அமுக்கினால், அமுக்காத நாலாவது எழுத்தும் பேய் மாதிரி விழுவது உண்டு. மின்சாரம் சந்து மாறி எதிர்த் திசையில் ஓடுவதால் வரும் கோளாறு இது. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் "1என்4148" என்ற சின்ன டயோடு ஒன்று பற்றவைத்தால் ஒருவழிப் பாதை ஆகிவிடும். பேய் ஓடிவிடும்.

மூளைக்கு மட்டும் புதுசு வாங்க வேண்டும். 2021-ல் வந்த "ராஸ்பெர்ரி பை பிக்கோ" என்ற சிறு பலகை இதற்குப் பொருந்தும். ஒயர் கொடுக்க 26 முனை இருக்கிறது. நமக்கு வேண்டியது 19. அதற்குள் ஏற்றும் "கியூ.எம்.கே." புரோகிராம் இலவசம். எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் இஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. தங்க முனைக்குத்தான் களிம்பு பிடிக்காது. ஸ்விட்ச்சின் கால்கள், ஈயப் பற்று, ஒயர் எல்லாம் சாதா உலோகம். வேலை முடிந்ததும் பலகையின் அடிப்பக்கத்தில் மின்சாதன வார்னிஷ் பூசினால் ஈரம் அண்டாது. ஸ்விட்ச்சுக்குள் அது போகக் கூடாது. போனால் தங்க முனையும் ஊமை ஆகிவிடும். இரவில் துணி போட்டு மூடி வைப்பதும் நல்ல பழக்கம்.

தமிழுக்கு இடம் உண்டா?

உண்டு. பொத்தானைக் குறைத்தாலும் எழுத்துப் பகுதி அப்படியே இருக்கிறது.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றது "தமிழ்99" முறை. உயிர் எழுத்து இடது கைக்கு. மெய் வரிசை வலது கைக்கு. "க" பொத்தானை இரண்டு தடவை தட்டினால் "க்க" என்று புள்ளி தானே விழும்.

டைப் இன்ஸ்டிட்யூட்டில் பழைய தட்டச்சு முறை படித்தவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்த ஆர்.முத்தையா தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கியபோதும் இதே தலைவலிதான். 247 எழுத்தைச் சில டஜன் பொத்தானுக்குள் அடைத்துக் காட்டினார் அவர்.

உஷார்! உஷார்!

பழைய சாமான் வாங்கும்போது மூன்று விஷயத்தில் கண் வேண்டும்.

ஒன்று, திருட்டுச் சரக்கு. சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர் காயலான் கடையானாலும் மொத்தமாக வாங்கினால் ரசீது கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் 3 வருஷம் வரை ஜெயில் உண்டு.

இரண்டு, ஈயப் புகை. கதவை மூடிக்கொண்டு சால்டரிங் செய்யக் கூடாது. புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மூன்று, தங்க ஆசை. "தங்கம் இருக்கிறதாமே" என்று ஆசிட் ஊற்றிப் பிரிக்கப் புறப்பட வேண்டாம். கிடைப்பது தூசி. கெடுவது நுரையீரலும் நிலத்தடித் தண்ணீரும். செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும் இதே கேடுதான்.

லாபமா? நஷ்டமா?

கை வேலையைக் கூலி போட்டுப் பார்த்தால் இது மலிவு இல்லை. பழைய கீபோர்டு, தகடு, டயோடு, பிக்கோ எல்லாம் சேர்த்தால் ஒரு ரப்பர் கீபோர்டை விட அதிகம்தான் ஆகும். சில நாள் ராத்திரித் தூக்கமும் போகும்.

ஆனால் ரப்பர் கீபோர்டு செத்தால் முழுசாகச் சாகிறது. பில் நிற்கிறது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். புதுசு வாங்கப் பஸ் ஏற வேண்டும். கைவேலைக் கீபோர்டில் ஒரு பொத்தான் செத்தால், மேஜை டிராயரில் இருக்கும் 26-ல் ஒன்றை எடுத்துப் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். செலவு ஒரு பொட்டு ஈயம்!

வீட்டுப் பரணிலோ ஆபீஸ் மூலையிலோ பழைய கீபோர்டு கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு மூடியைக் கழற்றிப் பாருங்கள். நீலத் தண்டு தெரிந்தால் அது குப்பை இல்லை.