வீட்டில் தேன், மேடையில் தேனீ: டிஜிட்டல் கிட்டாருக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?

அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது தேனாக இனிக்கும் கிட்டார், பள்ளி மண்டபத்தில் மேடை ஏறியதும் தேனீக் கூட்டம்போல் இரைவது ஏன்? ஜொகூர் பாரு, ஸ்கூடாய், குளுவாங் என எங்கே இசைக்குழு வைத்திருக்கும் மாணவராக இருந்தாலும் இந்தக் கேள்வி உங்களுக்கு எழலாம். புத்தகப்பையில் அடங்கும் ‘டிஜிட்டல் மாடலர்’ என்ற பெட்டி, கனமான பெருக்கிகளின் ஒலியைப் போலி செய்து காட்டுகிறது. மேடையில் ஒலி கெட்டால் பெட்டியைக் குறை சொல்கிறோம். அதைவிட விலை கூடிய இன்னொன்றை வாங்கக் காசு சேர்க்கிறோம். ஆனால், கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. அதை எதனோடு, எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

மின் கிட்டாரின் உலோகத் தந்திகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. படிவம் 5 இயற்பியலில் இதைப் படிப்பீர்கள்.

மாடலர் இந்த மின்னழுத்தத்தை அளந்து எண்களாக மாற்றுகிறது. பல கருவிகளில் இந்த அளவீடு விநாடிக்கு 48,000 முறை நடக்கிறது. பழைய வெற்றிடக் குழாய்ப் பெருக்கி ஒன்று அந்த ஒலியை எப்படி நெரித்துக் கரகரப்பாக்கும் என்று கணக்கிட்டு, எண்களை அதற்கேற்ப மாற்றுகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’, 2011இல் ஜெர்மனியின் ‘கெம்பர்’ போன்ற கருவிகள் இந்த நுட்பத்தை உலகெங்கும் கொண்டுசென்றன.

ஒரே ஒரு சல்லடை

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கிட்டார் பெருக்கியில் உள்ள 12 அங்குல ஒலிபெருக்கியோ ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக வலுவிழந்துவிடும். அதன் கூம்பால் அதற்கு மேல் வேகமாக அதிர இயலாது. இது குறைபாடுபோல் தோன்றும். உண்மையில் அதுதான் கிட்டாரைக் காப்பாற்றுகிறது. கரகரப்பாக்கப்பட்ட ஒலியில் காதைக் குத்தும் உயர் அதிர்வெண்கள் ஏராளம். ஒலிபெருக்கி ஒரு சல்லடைபோல் அவற்றை நிறுத்திவிட்டு, இனிமையானதை மட்டும் வெளியே விடுகிறது.

மாடலரில் இந்தச் சல்லடையும் கணக்கு வடிவில் இருக்கிறது. அதைக் ‘கேபினட் சிமுலேஷன்’ என்பார்கள். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: ஒலி ஒரே ஒரு முறைதான் சலிக்கப்பட வேண்டும். ஒரு முறைகூடச் சலிக்காவிட்டால் தேனீ இரைச்சல். இரண்டு முறை சலித்தால், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிய ஒலி.

நான்கு வழிகள்

முதல் வழி, சாதாரணக் கிட்டார் பெருக்கி. அதில் ஏற்கெனவே உண்மையான சல்லடை இருப்பதால் மாடலரின் கேபினட் சிமுலேஷனை அணைத்துவிட வேண்டும். பெருக்கியின் முன்பக்கத் துளையில் செருகினால் அதன் முன்பெருக்கியும் ஒலியை மாற்றும். பின்புறம் ‘எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்’ என்ற துளை இருந்தால் அதில் செருகுவதே மேல்.

இரண்டாவது, முழு அலைவரிசை ஒலிபெருக்கி. எல்லா அதிர்வெண்களையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது இதன் வேலை. இதற்குக் கேபினட் சிமுலேஷன் அவசியம். ஒரே பெட்டியில் பல வகை ஒலிகளை வாசிப்பவர்களுக்கு இது ஏற்றது. யு. ஸ்ரீனிவாஸ் மின் மாண்டலினிலும் பிரசன்னா மின் கிட்டாரிலும் கர்நாடக இசையை வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். அதுபோல் கரகரப்பில்லாத தெளிந்த ஒலியில் கமகங்களை வாசிக்க விரும்புகிறவர்களும் இதை நாடலாம்.

மூன்றாவது, மண்டபத்தின் ஒலியமைப்பிலேயே நேரடியாக இணைப்பது. அதுவும் முழு அலைவரிசை கொண்டதே; ஆகவே கேபினட் சிமுலேஷன் இயங்க வேண்டும். உங்கள் ஒலி உங்களுக்குக் கேட்க, மேடைத் தரையில் ஒரு மானிட்டர் ஒலிபெருக்கி தேவை.

நான்காவது, காதுக்குள் மாட்டும் மானிட்டர். மேடையில் இரைச்சல் குறையும். ஆனால், கலவை மேசையிலிருந்து உங்களுக்கெனத் தனி இணைப்பு வேண்டும்.

வாட் ஏமாற்றும்

100 வாட் பெருக்கி 50 வாட்டைவிட இரண்டு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில், அதே ஒலிபெருக்கியில் திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற, கிட்டத்தட்ட 10 மடங்கு திறன் வேண்டும். எனவே பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ‘உச்ச வாட்’ எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதிகபட்ச ஒலி அளவு எத்தனை டெசிபல் என்று பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோயில் திடலில் கடைசி வரிசைவரை கேட்கச் செய்வது உங்கள் சிறிய பெருக்கியின் வேலையன்று. அது பொது ஒலியமைப்பின் வேலை.

சரியாக இணைத்தும் ஒலி மாறுவதேன்?

1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஒலி மெதுவாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்களும் மிக உயர்ந்தவையும் நம் காதுக்குக் குறைவாகவே எட்டுகின்றன. அதனால் வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது நாம் அவற்றைக் கூட்டிவைக்கிறோம். மேடையில் ஒலி உயர்ந்ததும் அவையே மிகையாகி இடிக்கின்றன, குத்துகின்றன. இதற்கு மருந்து செலவில்லாதது: மேடை அளவு ஒலியில் ஒரு முறை வாசித்து, அதற்கெனத் தனி அமைப்பைச் சேமித்துவையுங்கள்.

கணக்குப் போடும் நேரத்தால் தாளம் தவறுமோ என்று அஞ்ச வேண்டாம். நம் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லி விநாடி. மாடலரின் தாமதமும் வழக்கமாகச் சில மில்லி விநாடிகளே. பெருக்கியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கு ஒப்பானது அது.

இரைச்சலும் பாதுகாப்பும்

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நீண்ட சாதாரணக் கம்பி அதன் ‘ம்ம்ம்’ ஒலியை எளிதில் பிடித்துக்கொள்ளும். மூன்று முனை கொண்ட சமநிலைக் கம்பியில் ஒரே ஒலி இரு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் செல்கிறது. இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் அழிந்து இசை நிற்கிறது.

இரைச்சல் போகவில்லை என்பதற்காக மூன்று பின் பிளக்கின் புவியிணைப்பை ஒருபோதும் துண்டிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. ‘டிஐ பாக்ஸ்’ கருவியில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சே அதற்குரிய வழி.

காதையும் கவனியுங்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். ஒரு மணி நேர ஒத்திகைக்கு அது போதாது.

ஆகவே, காசை எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் மண்டபத்தின் ஒலியமைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாடலரை நேரடியாக இணைக்க இடம் உண்டா? எனக்கென ஒரு மானிட்டர் கிடைக்குமா? மேடை அளவு ஒலியில் பத்து நிமிடம் சோதித்துப் பார்க்கலாமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், நல்ல சமநிலைக் கம்பி ஒன்று வாங்கினால் போதும். மானிட்டர் இல்லையென்றால் மட்டும் முழு அலைவரிசை ஒலிபெருக்கிக்குச் சேமிக்கத் தொடங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே கிட்டார் பெருக்கி இருந்தால் அதையும் விற்றுவிடாதீர்கள். கேபினட் சிமுலேஷனை அணைத்துவிட்டு, முதலில் அதில் வாசித்துப் பாருங்கள்.