கொழுந்தின் கணக்கு: அன்றும் இன்றும்

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில் தெல்தெனியவும் மெதமஹநுவரவும் கழிந்து ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரில் கோபெட்ஸ் கேப் பக்கம் ஏறுகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். தேயிலையும் மிளகும் விளையும் இந்தப் பக்கத்து வியாபாரத்தில் அன்றும் இன்றும் ஒரே கேள்விதான்: சங்கதி முதலில் யாருக்குத் தெரிகிறது?

அன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தொங்கும். முள் ஆடி அடங்குமுன்னே கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லிவிடுவார். அவர் கொப்பியில் பென்சிலால் விழுவதுதான் கணக்கு. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவும் போகும். “எத்தனங்க ஐயா?” என்று கேட்கத் துணிந்த பெண்கள் சிலரே. மாலையில் கொப்பி கந்தோருக்குப் போய், கணக்கு செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். முழு நாள் சம்பளமான முழுப்பேரா, பாதிச் சம்பளமான அரைப்பேரா என்பது பலருக்குச் சம்பளத்தன்றுதான் தெரியவரும்.

தோட்டத்துத் துரைக்கும் எல்லாம் உடனே தெரிந்துவிடவில்லை. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை போய், பட்டியலில் ஏறி, மாதிரி சுவைக்கப்பட்டு, சுத்தியல் விழுந்து, தரகரின் அறிக்கை மலைக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். எந்த மலைக் கொழுந்துக்கு நல்ல விலை கிடைத்தது என்று தெரியும்போது, அதே மலையில் அடுத்தடுத்த சுற்றும் பறித்து முடிந்திருக்கும்.

இப்படிப்பட்ட தாமதத்தை இயந்திரத்தால் குறைக்கலாம் என்று முதலில் கண்டுகொண்டதும் ஒரு தேயிலைக் கம்பனிதான். லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ், ‘லியோ’ என்ற கணினியைத் தானே கட்டி 1951இல் அலுவலக வேலைக்கு விட்டது. 1954 முதல் கடைகளின் அன்றாடக் கொள்முதலும் அதில் ஏறியது. ஒவ்வொரு கடைக்கும் நிலையான பட்டியல் ஒன்று இருக்கும். கடைப் பொறுப்பாளர் தொலைபேசியில் அதில் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதை மட்டும் சொல்வார். அது உடனே துளை அட்டையில் பதியும். நாளை எந்தக் கடைக்கு எவ்வளவு என்பது இன்றே தெரிந்தது. பிறகு மற்றவர்களும் கணினி வாங்கினார்கள். லயன்ஸின் அந்த மேல்கை நிலைக்கவில்லை.

கொழும்பிலும் கதை அப்படித்தான் போகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் கூவி விற்கும் ஏலம் இணையத்துக்கு மாறியது. இன்று வாங்குபவர் எல்லோருக்கும் முன்னால் ஒரே திரை. அந்தத் திரை மட்டும் வைத்து யாரும் யாரையும் முந்த முடியாது. ஏல விலையையும் பெக்டரிக் கணக்கையும் மடுவத்து எடையையும் ஒன்றாகக் கோத்துப் பார்க்கிற தோட்டக் கம்பனிதான் முந்துகிறது.

அதனால்தான் சில கம்பனிகள் மடுவத்துக்கே மின்தராசைக் கொண்டுவந்தன. எடை நேரே கந்தோருக்குப் போகிறது. லொறி கிளம்புமுன்னே எவ்வளவு கொழுந்து வருகிறது என்று பெக்டரி அறிந்து, வாட்டுவதற்கு இடம் ஒதுக்கலாம். எந்த மலையில் சுற்று தள்ளிப்போய் இலை முற்றுகிறது என்பதும் அன்றே தெரியும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இந்த விகிதம் ஓரிடத்தில் தவறினால் எடையிலோ பதத்திலோ கோளாறு என்று அர்த்தம். முன்பு மாதக் கடைசியில் பிடிபட்டது இப்போது மறுநாளே பிடிபடும்.

எல்லாத் தோட்டத்திலும் இது வந்துவிடவில்லை. 1992இல் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது, கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் பல அரச கூட்டுத்தாபனங்களிடமே தங்கின. மின்தராசு வந்த இடத்திலும் பழைய வழக்கு முடிந்துவிடாது. கழிவு எவ்வளவு என்று அதற்குள் எழுதிவைப்பவர் மனிதர்தானே.

தராசை நாளைக்கே பக்கத்துத் தோட்டமும் வாங்கிவிடும். ஆனால் தோட்டங்களில் இன்று பெரிய தட்டுப்பாடு ஆள்களுக்குத்தான்; இளசுகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எடையும் கழிவும் அன்றன்றே கொழுந்து எடுக்கிறவர் கண்முன் வந்தால், அவர் அந்தக் கணக்கை நம்புவார். நம்பினால் அடுத்த நாளும் மலைக்கு வருவார். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்த கம்பனியைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டம் சுலபத்தில் காப்பியடிக்க முடியாது.