கோப்பை ஜெயித்த கிளப் ஏன் காணாமல் போகிறது?

வடசென்னையின் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கரை சேரும் விசைப்படகின் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மிஞ்சியதைப் படகுக்காரரும் தொழிலாளிகளும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பாடு குறைந்தால் பங்கும் குறையும். கூலி வரவைத் தாண்டிப் போக வழியே இல்லை.

தொழில்முறைக் கால்பந்து கிளப் இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. வீரருக்கு இவ்வளவு சம்பளம் என்று சீசன் தொடங்கும் முன்பே, சில சமயம் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே, எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். டிக்கெட், விளம்பரம், டி.வி. பணம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். எவ்வளவு வரும் என்பதையோ ஆடுகளம்தான் முடிவு செய்கிறது.

அப்படியானால் அடக்கமாகச் செலவழிக்கலாமே? அங்கேதான் சிக்கல். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் 24 கிளப்புகள். ஆண்டுக்கு மூன்றுதான் பிரீமியர் லீகுக்கு ஏறும். ஏறினால் டி.வி. பணம் பல மடங்கு. அந்த ஆசையில் எல்லோரும் சம்பளத்தை ஏற்றுகிறார்கள். ஆனால், 24 கிளப்புகளும் செலவை இரட்டிப்பாக்கினாலும் ஏறப்போவது மூன்றுதான். மற்ற 21 கிளப்புகளுக்கும் மிஞ்சுவது கடன். அந்த லீகில் பல ஆண்டுகள் 100 பவுண்டு வருவாய்க்கு 100 பவுண்டுக்கும் மேல் சம்பளமாகவே போயிருக்கிறது.

கோப்பையைப் பார்த்து ஒரு கிளப்பின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியாது. 1885இல் பிறந்த இங்கிலாந்தின் பரி கிளப் 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் சுமார் 90 ரூபாய்! வீரர்களுக்குச் சம்பளம் வராத நிலையிலும் 2019 ஏப்ரலில் அந்த அணி ஒரு படி மேலே உள்ள லீகுக்குத் தகுதி பெற்றது. நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 27 அன்று, லீகிலிருந்தே நீக்கப்பட்டது.

அதே 2019 மார்ச் 9 அன்று, கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. 1946இல் தொடங்கிய கிளப். கோப்பைக்குச் சில வாரங்கள் முன்புதான் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீகில் இல்லை.

வரவை மீறிச் செலவழிக்கும் இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு: கிளப் உரிமம். லீகில் ஆடுவதற்கு முன் கிளப் தேற வேண்டிய பரீட்சை இது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி இதில் ஐந்து பாடங்கள்: விளையாட்டு, மைதானக் கட்டமைப்பு, நிர்வாகம், சட்டம், நிதி. நிதிப் பகுதியைப் புரட்டினால் எத்தனை கோல் என்ற கேள்வியே இருக்காது. தணிக்கை செய்த வரவு செலவு எங்கே? வேறு கிளப்புக்கு, சொந்த வீரருக்கு, வரித் துறைக்குத் தவணை தாண்டிய பாக்கி உண்டா? தள்ளாடும் கிளப் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்த மூன்றில்தான்.

அடுத்த கருவி அணிச் செலவு விகிதம். அதாவது, வருவாயில் எத்தனை பங்கு அணிக்குப் போகிறது என்ற கணக்கு. ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ இதை 90, 80 என்று படிப்படியாக இறக்கி, 2025-26 சீசனில் 70 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 100 ரூபாய் வந்தால் சம்பளம், வீரரை வாங்கும் விலை, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் 70 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

இதிலும் சாமர்த்தியசாலிகள் சந்து கண்டுபிடித்தார்கள். 100 கோடிக்கு வாங்கிய வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால், கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 20 கோடி செலவு. ஒப்பந்தத்தை எட்டாண்டாக நீட்டினால் அது 12.5 கோடியாகச் சுருங்கிவிடும்! கொடுத்த பணம் அதேதான். எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் ஐந்தாண்டுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று 2023இல் யூஈஎஃப்ஏ அந்தச் சந்தின் வாயை அடைத்தது.

சரி, பரீட்சைத் தாளைத் திருத்துவது யார்? லீக் என்பது கிளப்புகளின் கூட்டு. அவர்களே நடுவராக இருந்தால் தீர்ப்பு எப்படி நேராகும்? அதனால்தான் இங்கிலாந்து 2025 ஜூலை 21 அன்று தனிச் சட்டமே கொண்டுவந்து, சுயேச்சையான கால்பந்து ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. மேலிருந்து ஐந்து நிலைகள், 116 கிளப்புகள் அதன் பார்வையில் வரும். உரிமையாளர் ஆவதற்கு முன் அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்று அது கேட்கும். கிளப்பின் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது.

சரியாக 28 நாள் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, இந்தியாவின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், ஆகஸ்ட் 6 அன்று, ‘சென்னையின் எஃப்.சி.’ கிளப் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. 2015, 2017-18 என இருமுறை இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்ற கிளப் அது.

காரணம், மேலே இருந்த ஒரே உத்தரம் ஆட்டம் கண்டதுதான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 47 கோடி. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது; புதுப்பிப்பது இழுபறியானதும் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. கிளப் தன் கணக்கை எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் லீகின் வருமானம் ஒரே ஒப்பந்தத்தில் தொங்கினால் தப்பிக்க முடியாது. கிளப்பின் கணக்கோடு லீகின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் கண் வேண்டும்.

இந்த ஆட்டத்தின் சுமை கடைசியில் விழுவது வீரர்கள் மேல்தான். வடசென்னையின் வியாசர்பாடித் திடல்களில் வளர்ந்த கால்பந்து வீரர் தனபால் கணேஷ் இந்திய அணி வரை போனார். முன்பெல்லாம் வடசென்னைப் பையன்களின் கனவு ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி அணிகள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தால், லீகில் தோற்றாலும் முதல் தேதி சம்பளம் வரும். தொழில்முறை கிளப் அதைவிடப் பெரிய கனவைக் காட்டுகிறது. அந்த அளவு பாதுகாப்பைத்தான் தரவில்லை.

நம் புதிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கண்காணிப்பது விளையாட்டுக் கூட்டமைப்புகளை. கிளப்புகளின் கணக்கை அல்ல. கிளப் உரிமம் தரும் பொறுப்பு கால்பந்துக் கூட்டமைப்பிடமே இருக்கிறது. உரிமம் மறுக்கப்பட்டவர்கள் விதிவிலக்கு வாங்கி ஆடியதும் உண்டு. இந்த இடைவெளியை நிரப்ப, கூட்டமைப்புக்கும் கிளப்புக்கும் கட்டுப்படாத ஓர் ஆணையம் இந்தியாவுக்கும் தேவை. அதுவரை ரசிகர்கள் ஒன்று செய்யலாம். கம்பெனியாகப் பதிவான கிளப்பின் ஆண்டுக் கணக்கை, சிறு கட்டணம் கட்டி, கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த சீசன் ஜெர்ஸி வாங்கும் முன் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.