தோல் உரியுதா? 'சூடு'ன்னு சொல்லாதீங்க!

குழந்தைக்கு விரல் நுனியில் தோல் உரிந்தால் நம்ம வீடுகளில் டாக்டர் தேவையே இல்லை. பாட்டியே தீர்ப்பு சொல்லிவிடுவார்: 'உடம்புச் சூடு!' எதிர்வீட்டு மாமி அப்பீல் கோர்ட்: 'விட்டமின் குறைச்சல்.' கடைசியில் விளக்கெண்ணெய்.

பல சமயம் எண்ணெயே ஜெயித்தும் விடும். மார்கழி, தையில் ஜவ்வாது மலைக்குப் போய்ப் பாருங்கள். ஜமுனாமரத்தூர் குளிர்காற்றில் பெரியவங்களுக்கே உதடு வெடிக்கும். புளி சீசனில் ஓடு நீக்கி, கொட்டை எடுக்கிற வேலை. சின்னக் கைகளும் சும்மா இருக்காது. குளிர், புளிப்பு, ஈரம், துணி சோப்பு எல்லாம் சேர்ந்தால் தோல் என்ன செய்யும், பாவம்! விரல் சப்பினாலும் உரியும், கை அதிகம் வேர்த்தாலும் உரியும். ஈரம் துடைத்து வாசலின் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆகணும். 'போன ரெண்டு மூணு வாரத்துல புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சா?'

'ஆமா' என்றால் கதையே வேற. தொண்டை வலியோடு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான சிவப்புத் தடிப்பு வந்திருந்தால் ஸ்கார்லெட் காய்ச்சலாக இருக்கலாம். பெனிசிலினுக்கு அடங்குகிற கிருமிதான்; கவனிக்காமல் விட்டால் பின்னால் இதய வால்வில் கை வைக்கும். கை, கால், வாயில் கொப்புளம் போட்ட காய்ச்சல் என்றால், சில வாரம் கழித்து நகமே கழன்று விழலாம். பார்க்கத்தான் பயங்கரம், புது நகம் முளைத்துவிடும்.

நிஜ வில்லன் கவாசாகி. பைக் இல்லீங்க, ஜப்பான் டாக்டர் பெயர்! டொமிசாகு கவாசாகி 1961ல் நாலு வயசுப் பையன் ஒருவனிடம் இதை முதலில் பார்த்தார். 1967ல் 50 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டார். ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாத சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி நாக்கு, வீங்கிய கை கால். வைத்தியம் இல்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு இதய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றினால் இந்த ஆபத்து இருபதில் ஒன்றாகக் குறைகிறது. மருந்து விலை அதிகம். ஆனால் பி.காம். படித்த என் கணக்குப்படி, ஆயுசு முழுக்க இதயத்துக்குச் செய்கிற செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

இதில் விஷமம் என்னவென்றால், நகத்தோரம் தோல் உரிவது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான். அதற்குள் காய்ச்சல் தானாக இறங்கியிருக்கும். 'சரியாப் போச்சு'ன்னு வீடே நிம்மதியா இருக்கும்போதுதான் இதயத்தில் வேலை நடக்கும். இதே மலையில் காவலூர் டெலஸ்கோப், 1977ல் யுரேனஸின் வளையத்தைக் கண்டுபிடித்ததில் பங்கெடுத்தது. விரல் நுனியைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டாம்.

நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு உரிந்தால், குழந்தை துள்ளி விளையாடினாலும் சரி, வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கிக் குழந்தை டாக்டரிடம் காட்டி, எக்கோ தேவையா என்று கேளுங்கள். கிளம்பும்போது காய்ச்சல் ஆரம்பித்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.